திருத்தணிக்கு மேலே 5-வது கிலோமீட்டரில் ஐஸ்... அது தரைக்கு இறங்கினால்?

திருத்தணியிலிருந்து அரக்கோணம் சுமார் 13 கிலோமீட்டர். மின்சார ரயில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடலாம். அதைவிடப் பக்கத்தில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்தில், தண்ணீர் கட்டியாக உறையும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் பஸ் கிடையாது, ரயில் கிடையாது. காரணம், அந்த இடம் இருப்பது நேர் மேலே!

சித்திரை வெயிலில் முருகன் கோயில் படிகளில் வெறுங்காலை ஊன்ற முடியாமல் பக்தர்கள் துள்ளித் துள்ளி ஏறும் மதியத்திலும் இதுதான் நிலவரம். மேலே போகப் போக காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. வறண்ட கோடைக் காற்றாக இருந்தால், தரைக்குப் பக்கத்தில் இது 9, 10 டிகிரி வரைகூடப் போகும். அதனால்தான், வேலூரோடு போட்டி போட்டு மாநிலத்தின் வெயில் பட்டியலில் இடம்பிடிக்கும் திருத்தணியிலும், தலைக்கு மேலே 5-வது கிலோமீட்டர் வாக்கில் காற்று ஜீரோ டிகிரியைத் தொட்டுவிடுகிறது.

இதை 'உறைநிலைக் கோடு' என்கிறார்கள் வானிலையாளர்கள். கோடு என்று சொன்னாலும், உண்மையில் அது வானம் முழுக்க விரித்துப் போட்ட ஜமக்காளம் போன்றது. நம் பக்கம் அது வருடம் முழுவதும் உயரத்திலேயே கிடக்கிறது. பூமத்திய ரேகையை விட்டு வடக்கே விலக விலக, சரிந்துகொண்டே வருகிறது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த ஜமக்காளத்தின் ஓரம் தரையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். அது தரையைத் தொடும் இடத்தைத்தான் வரைபடத்தில் கோடாக வரைகிறார்கள்.

ஒரு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மொழிவழி மாநிலம் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தக் கோடு நகர ஆண்டுக்கணக்கில் ஆனது. உறைநிலைக் கோடோ மணிக்கு மணி நகர்கிறது. அது பிள்ளைகளின் ஊரை நெருங்கும் இரவுகளில், இங்கே அப்பா அம்மாக்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

'30 டிகிரிதானே, நம்ம ஊர் மாதிரிதான்!'

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா. மலையின் 365 படிகளும் ஆண்டின் 365 நாள்களுக்குக் கணக்கு. படிக்கொரு பூஜை, திருப்புகழ் பாட்டு என்று மலை முழுக்கக் கூட்டம். மார்கழிக் குளிருக்கு மஃப்ளர் கட்டிய தாத்தாக்கள், சால்வைக்குள் தூங்கும் குழந்தைகள். நள்ளிரவு 12 மணிக்கு இங்கே புத்தாண்டு பிறக்கும்போது டொரொன்டோவில் மதியம் ஒன்றரை, டாலஸில் பன்னிரண்டரை. மலையிலிருந்தே வீடியோ காலில் மகளுக்கு தரிசனம் காட்டிவிட்டு, அடுத்த கேள்வி: 'அங்கே குளிரு எப்படிம்மா?'

இப்போதெல்லாம் அதைக் கேட்கவும் தேவையில்லை. மகள் இருக்கும் ஊரின் வானிலை அப்பாவின் போனிலேயே இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் சிக்கல், சிரிப்பு வரவைப்பது. அமெரிக்காவில் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் சொல்கிறார்கள். அங்கே 32 டிகிரி என்றால் நம் கணக்கில் ஜீரோ. மகன் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் 30 என்று இருந்தால், திருத்தணியில் ஐப்பசி மாதத்து இதமான மதியம் நினைவுக்கு வரும். உண்மையில் அது மைனஸ் 1.

இரண்டாவது சிக்கலில் சிரிக்க ஒன்றுமில்லை. நேற்றுவரை மைனஸ் 6 டிகிரி, பக்கத்தில் பனித்துகள் படம். இன்று மைனஸ் 1 டிகிரி, பக்கத்தில் மழைத்துளி படம். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? 'அப்பாடா, குளிர் குறைஞ்சிருக்கு. பனி போய் வெறும் மழைதான்.' நிம்மதியாகப் போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆனால், குளிர்காலத்தில் பயப்பட வேண்டிய படம் அந்த மழைத்துளிதான். மைனஸ் 6-ல் விழும் வெண்பனி பஞ்சு மாதிரி. தட்டினால் உதிரும், வாரினால் வாரலாம், சாலையில் உப்பைத் தூவிச் சமாளிக்கலாம். மைனஸ் 1-ல் விழும் மழை அப்படியல்ல. விழும்போது தண்ணீர், தொட்ட இடத்தில் கண்ணாடி. கிளை, கம்பி, படிக்கட்டு, கார் கதவு, சாலை என எதில் விழுந்தாலும் அதன் மேல் வழுக்கும் ஓட்டைப் போட்டுவிடும். இதற்கு 'உறைமழை' என்று பெயர். மணிக்கணக்கில் கொட்டினால் ஐஸ் புயல்.

மேலே வெயில், கீழே குளிர்

மைனஸில் மழை எப்படி மழையாகவே இருக்கிறது? பள்ளியில் படித்தது ஜீரோவில் தண்ணீர் உறையும் என்றுதானே?

இங்கேதான் கோட்டின் விளையாட்டு. மேலே போகப் போகக் குளிரும் என்பது பொதுவிதி. ஐஸ் புயல் நாள்களில் இந்த வரிசை கலைந்துவிடுகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று கனமானது. தரையோடு தவழ்ந்து வந்து பள்ளங்களில் தேங்கும். அதே நேரத்தில் தெற்கே கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக் காற்று இலேசானது. குளிர்காற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும். ஆக, தரையில் ஒரு குளிர் அடுக்கு, அதற்கு மேல் வெதுவெதுப்பான அடுக்கு, அதற்கும் மேலே மறுபடி குளிர். ஜீரோ டிகிரி இப்போது ஓரிடத்தில் இல்லை. வானத்தை இரண்டு இடங்களில் வெட்டுகிறது.

உச்சியில் பனித்துகளாகக் கிளம்பும் துளி, நடுவிலுள்ள வெதுவெதுப்பில் உருகித் தண்ணீராகிவிடும். கடைசிச் சில நூறு மீட்டரில் மறுபடி குளிரில் நுழைகிறது. அந்த அடுக்கு தடிமனாக இருந்தால், காற்றிலேயே உறைந்து சின்னப் பனிமணிகளாக, ஜவ்வரிசி கொட்டுவதுபோல் தரையில் துள்ளும். அடுக்கு மெல்லியதாக இருந்தால் உறைய நேரம் போதாது. ஜீரோவுக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே கீழே வரும். தூய்மையான சிறு நீர்த்துளிகள் மைனஸ் 30-ஐத் தாண்டியும் உறையாமல் இருக்கும். உறைவதற்கு அவற்றுக்கு ஒரு சாக்கு வேண்டும். மின்கம்பியில் மோதுவது, அந்தச் சாக்கு.

ஒரே புயல், ஒரே இரவு. 200 கிலோமீட்டர் அகலத்துக்குள் ஓர் ஊரில் வெண்பனி, அடுத்த ஊரில் பனிமணி, அதற்கடுத்த ஊரில் உறைமழை, கடைசி ஊரில் சாதாரண மழை. ஒரு டிகிரி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில்தான் எல்லாம்.

உறைமழைக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். அதனால் மழை உறைய உறைய, சுற்றியுள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி ஜீரோவை எட்டும். உறைமழை தானாகவே சாதாரண மழையாக மாறிவிடும். பல ஐஸ் புயல்கள் சில மணி நேரத்தில் அடங்குவது இப்படித்தான். யாராவது அடியில் குளிர்காற்றை விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் அடங்காது. கனடாவின் மான்ட்ரியலில் அந்த வேலையைச் செய்வது செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வடகிழக்குக் குளிர்காற்றுக்கு அது ஒரு வாய்க்கால்.

1998 ஜனவரி 5-ம் தேதி தொடங்கியது அப்படிப்பட்ட ஒரு புயல். ஒரு வாரம்வரை விட்டுவிட்டுப் பெய்தது. சில இடங்களில் 100 மில்லிமீட்டருக்கு மேல் உறைமழை. நம் ஊரில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் ஏரி நிரம்பும், வடிந்துவிடும். அங்கே வடியவில்லை, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. மின்கம்பியின் மேல் அரை அங்குல ஐஸ் படிந்தாலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவிலுள்ள கம்பி ஏறத்தாழ 225 கிலோ கூடுதல் எடையைத் தாங்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உயரழுத்தக் கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்களே ஆயிரம்வரை மடங்கி விழுந்தன. கியூபெக், ஒன்டாரியோ, நியூ பிரன்ஸ்விக், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் எனப் பல லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. சிலருக்கு மின்சாரம் திரும்பியது ஒரு மாதம் கழித்து. உதவிக்கு ராணுவமே வந்தது.

கனடாத் தமிழர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருப்பது 2013. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதி. டொரொன்டோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஈழத் தமிழர்கள் அடர்த்தியாக வாழும் ஸ்கார்பரோவும் தப்பவில்லை. மரக்கிளைகள் முறிந்து வீட்டுக் கம்பிகளின் மேல் விழுந்ததால், தெருவுக்குத் தெரு போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பலருக்கு கிறிஸ்துமஸ் கழிந்தும் வெளிச்சம் வரவில்லை. அந்த ஊர் வீடுகளில் மின்சாரம் போனால் ஃபேன் நிற்பதோடு கதை முடிவதில்லை. ஹீட்டர் நின்றுவிடும். சில மணி நேரத்தில் வீடே ஃப்ரிட்ஜ்.

2025 மார்ச் கடைசியிலும் ஒன்டாரியோவில் ஐஸ் புயல் வந்தது. அப்போது கோடு கொஞ்சம் வடக்கே விழுந்தது. ஒரிலியா, பீட்டர்பரோ பக்கம் மரங்கள் முறிந்து நாள்கணக்கில் இருட்டு. டொரொன்டோ நகரம் பெரிய அடியிலிருந்து தப்பியது. ஒரிலியாவுக்கும் டொரொன்டோவுக்கும் இருக்கும் தூரம், திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போய் கொஞ்சம் தாண்டுவதுதான்.

குளிர்நாடு அல்லாத ஊர்களில்தான் கூடுதல் அடி

கனடாவுக்காவது பழக்கம் உண்டு. கோடு எப்போதாவது மட்டும் எட்டிப்பார்க்கும் ஊர்கள் பாவம். டெக்சாஸ் அப்படி ஒன்று. ஐடி வேலைக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் ஊர்களில் இருப்பதற்கு, 'அங்கே நம்ம ஊர் மாதிரி வெயில்' என்பதும் ஒரு காரணம்.

2021 பிப்ரவரி 11, அதிகாலை. டாலஸுக்குப் பக்கத்து நகரமான ஃபோர்ட் வொர்த்தில் இலேசான உறைமழை. சாலையில் தண்ணீர் போலத் தெரிந்தது ஐஸ். ஒரு வண்டி வழுக்க, அடுத்தது மோத, 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நொறுங்கின. 6 பேர் இறந்தார்கள். கொட்டித் தீர்த்த மழையல்ல அது; கண்ணாடியை வைப்பர் துடைக்கும் அளவுக்கான தூறல்.

அடுத்த சில நாள்களில் கோடு இன்னும் தெற்கே இறங்கி, டெக்சாஸ் முழுவதையும் மூடியது. மின் நிலையங்களும், அவற்றுக்கு எரிவாயு கொண்டுபோகும் அமைப்புகளும் குளிரில் முடங்கின. 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் இல்லை. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலானோர் உறைகுளிரில் இறந்தவர்கள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், கராஜில் காரை ஓடவிட்டும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு.

மேற்கே இப்படி என்றால், கிழக்கே ஷார்லட், ராலே, அட்லான்டா பக்கம் வேறு கதை. அங்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் ஏரிக்கரை மாதிரி நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்தக் கரையைத் தாண்ட முடியாமல் கிழக்கு அடிவாரத்தில் தேங்கிவிடும். மேலே வெதுவெதுப்பு, அடியில் தேங்கிய குளிர். ஐஸ் புயலுக்கு வேண்டிய எல்லாம் தயார். ஏரியில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கரையோர ஊர்க்காரர் கணிப்பதுபோல, அந்தக் குளிர் எதுவரை தேங்கும், எப்போது வடியும் என்று கணிப்பதுதான் அங்குள்ள வானிலையாளர்களுக்குத் தலைவலி.

கோட்டைப் பின்தொடர்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், புயலின் மையம் எங்கே போகிறது என்பதைச் சரியாகச் சொன்னாலும் போதாது. டிசம்பர் புயல்களில் நாம் பார்க்காததா? மையம் 50 கிலோமீட்டர் வடக்கே ஒதுங்கினால், 'ரெட் அலர்ட்' ஊருக்குத் தூறலும், எதிர்பார்க்காத ஊருக்கு வெள்ளமும் வருகின்றன. அங்கே மையத்தோடு, தரையை ஒட்டிய குளிர் அடுக்கின் தடிமனையும் சொல்ல வேண்டும். அது சில நூறு மீட்டர்தான். கம்ப்யூட்டர் மாடல்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய கணக்குப் போடுகின்றன. ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் நகர்கிறது. காலையில் பனித்துகள் காட்டிய ஆப், மாலையில் மழைத்துளி காட்டுவதும், ராத்திரி மறுபடி மாறுவதும் அதனால்தான். ஆப் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் ஊர் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அதனால் மூன்று நாள் முன்பே வரும் படத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். பார்க்க வேண்டியது இரண்டுதான்: வெப்பநிலை ஜீரோவுக்குப் பக்கத்திலா, அந்த ஊர் அரசு வானிலைத் துறை 'ஐஸ் புயல்' அல்லது 'உறைமழை' எச்சரிக்கை கொடுத்திருக்கிறதா? இரண்டுக்கும் பதில் ஆம் என்றால், அன்று மகன் ஆபீஸுக்குக் கார் எடுக்க வேண்டியதில்லை. பாலங்கள் முதலில் உறையும். அடியிலும் காற்று, மேலும் காற்று. சாலை ஈரமாகத் தெரிந்து, முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீரே அல்ல.

வீட்டில் மின்சாரம் போனால், பார்பிக்யூ அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதும் சமாதானம் ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று அமைதியாக வரும். குடும்பத்தோடு ஒரே அறையில், கதவை மூடி, அடுக்கடுக்காக உடுத்திக்கொண்டு இருப்பது நல்லது. குழாயை மெல்லச் சொட்டவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவிகிதம் விரியும். அடைத்த குழாய் வெடிக்கும். டெக்சாஸில் வீடு வீடாக அதுவும் நடந்தது.

இங்கிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. கரன்ட் போன வீட்டில் போன் பேட்டரிதான் உயிர்நாடி. அரை மணிக்கு ஒரு வீடியோ கால் போட்டு, 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்டு அதைத் தீர்த்துவிடக் கூடாது. காலையும் மாலையும் ஒரு மெசேஜ். பதில் வந்தால் சரி.

கோடு இறங்காவிட்டால் என்ன?

சரி, உறைநிலைக் கோடு தரைக்கே வராத திருத்தணிக்கு ஐஸால் ஒன்றும் இல்லையா?

தமிழ்நாட்டில் தரையில் உறைபனி பார்க்க ஊட்டிப் பக்கம் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாக விடியும். தேயிலைக் கொழுந்து கருகும். அது மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை இழப்பதால் வருவது, புயலால் அல்ல. திருத்தணிக்கு அதுவும் கிடையாது. ஆனால் மேலே, அந்த 5-வது கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பது கீழே வந்து சேரத்தான் செய்கிறது.

கோடை மதியம். மேற்கிலிருந்து அனல் காற்று. சென்னைக்கு மதியத்துக்குள் வந்து சேரும் கடல் காற்று, உள்ளே தள்ளியிருக்கும் திருத்தணிக்கு மாலையில்தான் வரும். சில நாள் வராமலே ஏமாற்றும். வெயில் பட்டியலில் ஊர் பேர் வாங்குவதன் ரகசியம் இந்தத் தாமதம்தான். வருகிற நாளில், ஈரமான கடல் காற்றும் வறண்ட அனல் காற்றும் மோதும் எல்லையில் காற்று மேலே பொங்கும். ஒரு மணி நேரத்தில் மேகம் 12, 15 கிலோமீட்டர் உயரம் வளர்ந்துவிடும். 5 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதெல்லாம் ஜீரோவுக்குக் கீழே. அங்கே பனித்துகளும், குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகளும், மென்மையான ஐஸ் உருண்டைகளும் ஒன்றோடொன்று முட்டி மோதுகின்றன.

அந்த மோதலில்தான் மின்னேற்றம் பிரிகிறது. திருத்தணி வானத்தில் வெட்டும் ஒவ்வொரு மின்னலும், 40 டிகிரி ஊரின் தலைக்கு மேல் ஐஸ் செய்த வேலை. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயல், மாந்தோப்பு, ஆடு மேய்க்கும் வெளி ஆகியவையே அதிக ஆபத்தான இடங்கள். மழைக்கு ஒதுங்க மரத்தடிக்கு ஓடுவது நம் கை வந்த பழக்கம், அதுதான் வேண்டாம். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டாலே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப், பக்கத்தில் மின்னல் வெட்டினால் போனில் சொல்லிவிடும்.

ஐஸ் கீழே வருவது எப்போதாவதுதான். மேலெழும் காற்று வலுவாக இருந்தால், ஐஸ் உருண்டை விழ முடியாமல் மேலேயே தங்கி, நீர்த்துளிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பெருக்கும். தாங்க முடியாத எடை வந்ததும் விழும். அங்கிருந்து தரைவரை 5 கிலோமீட்டர் சூடான காற்று. சின்னது உருகி, கொழுத்த மழைத்துளியாகிவிடும். கோடை மழையின் முதல் துளிகள் முகத்தில் சுளீரென்று அடிப்பதும் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். சற்று முன்புவரை அது ஐஸ். பெரிதாக வளர்ந்தது மட்டும் உருகி முடிவதற்குள் தரைக்கு வந்துவிடும். ஆலங்கட்டி! பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட ஓடுவார்கள். மாந்தோப்புக்காரர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். திருத்தணியிலிருந்து சித்தூர்வரை மாம்பழப் பூமி. காய் திரண்டு நிற்கும் காலமும் இடிமழைக் காலமும் ஒன்று. ஆலங்கட்டி பட்ட காய் உடனே விழாவிட்டாலும், பட்ட இடம் கறுத்து, விலை போகாது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்கு வேறு கவலை: சூறைக்காற்றில் ஒரு கம்பி அறுந்தால் தறி நிற்கும், அன்றைய கூலியும் நிற்கும்.

பெரிய ஆலங்கட்டி உயிரையும் எடுக்கும். உலக வானிலை அமைப்பின் பதிவில், ஒரே ஆலங்கட்டி மழையில் அதிகம் பேர் இறந்த சம்பவம் நம் நாட்டில்தான் நடந்தது. 1888 ஏப்ரல் 30, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பக்கம். இறந்தவர்கள் 246 பேர். டெக்சாஸ் கணக்கிலும் அதே எண். தற்செயல்தான், ஆனாலும் படிக்கும்போது ஒரு நிமிடம் நிறுத்துகிறது.

இந்தக் கோட்டை ரேடாரில் கண்ணாலேயே பார்க்கலாம். இந்திய வானிலைத் துறை 2002-ல் சென்னையில் நிறுவிய டாப்ளர் ரேடாருக்குத் திருத்தணி வானம் எட்டும் தூரம்தான். பனித்துகள் ஜீரோ கோட்டைத் தாண்டி உருகத் தொடங்கும்போது, அதன் மேல் தண்ணீர் பூசிக்கொள்ளும். ரேடாருக்கு அது பெரிய மழைத்துளி போலத் தெரிந்து, திரையில் பளிச்சென்று ஒரு பட்டை விழும். ஆலங்கட்டி சுமக்கும் மேகமோ, கோட்டுக்கு மேலேயும் அடர்ந்த நிறத்தில் நிற்கும். 'அடுத்த 3 மணி நேரத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் இடி மின்னலுடன் மழை' என்று டி.வி-யின் அடியில் ஓடும் வரிக்குப் பின்னால், இப்படி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் இருக்கின்றன.

பூமி சூடாகச் சூடாக இந்தக் கோடும் மெல்ல மேலே ஏறுகிறது. கோடு உயர்ந்தால் ஆலங்கட்டி உருகக் கூடுதல் தூரம் கிடைக்கும், சின்னவை குறையும். ஆனால் சூடான காற்றில் ஈரமும் வேகமும் கூடுவதால், வளரும் ஐஸ் இன்னும் பெரிதாக வளரலாம் என்பது விஞ்ஞானிகளின் கவலை.

கோடு இன்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பழைய வழிதான் இன்னும் நம்பகமானது. மீனம்பாக்கத்திலிருந்து தினமும் காலையும் மாலையும் ஒரு பலூன் கிளம்புகிறது. அடியில் தொங்கும் சின்னப் பெட்டி, போகிற வழியெல்லாம் வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகம். கிளம்பிய 16, 17 நிமிடத்தில் ஜீரோவைத் தாண்டிவிடும். உலகம் முழுக்க ஒரே நேரக் கணக்கில் இந்தப் பலூன்களை விடுகிறார்கள். இங்கே மாலை ஐந்தரைக் கணக்குக்கான பலூன் ஏறும்போது, ஃபோர்ட் வொர்த்தில் காலை ஆறு மணிப் பலூன் ஏறுகிறது. திருத்தணி அப்பா மாலைக் காபியோடு ஆப்பைத் திறக்கும் நேரம் அது. டாலஸில் மகன் இன்னும் எழுந்திருக்கவில்லை.